ஏரிச் சுற்று: இரண்டு மணி பத்து நிமிடம்

அவரைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவோம். கைப்பிடி வைத்த அளவுச் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே இருபத்தேழு வருடம் நடந்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று ஒரு சத்தம். அவர் அலுவலக வராந்தாவில் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். அதைக் கேட்டதும் நான் மேசை மேல் இருக்கும் பிஸ்கட் பொட்டலத்தை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவேன். மனிதர் உட்கார்ந்த இடத்தில் ஒரு பொட்டலத்தைக் காலி செய்வார், கேட்டால் ஆறு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறேன் என்று கணக்குச் சொல்வார்.

எங்களுடையது சின்ன சுற்றுலா அலுவலகம். ஊரைச் சுற்றி ஏரி, காடு, இடிந்த கோட்டை என்று பன்னிரண்டு நடைகள் எங்கள் பொறுப்பு. மலை ஏற வேண்டாம், கயிறு பிடிக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் போய் வரலாம். ஒவ்வொரு நடைக்கும் கையேட்டில் ஒரு பக்கம் உண்டு. எங்கே தொடங்குவது, எந்த வேலிக் கதவைத் திறப்பது, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், எங்கெங்கே உட்காரலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். மேலே ஒரு பச்சை வட்டத்துக்குள் ‘எளிது’ என்று போட்டிருப்போம். அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் வருடா வருடம் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். அதில் ஒரு நடையைக்கூட நான் நடந்ததில்லை. பேருந்தை விட்டு இறங்கி அலுவலகத்துக்கு வரும் இருநூறு மீட்டரே எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

நடப்பது சக்கரத்தின் வேலை. நேரில் அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகத்தைத் தொடங்கிய முதல் அதிகாரி அதற்கு ஒரு முறை வைத்துவிட்டுப் போயிருந்தார். நேரத்தைக் கணக்குப் போட்டு எழுதக் கூடாது. நிதானமாக நடந்து, உட்காரத் தோன்றினால் உட்கார்ந்து, மூச்சு வாங்கினால் நின்று, கடைசியில் கைக்கடிகாரம் என்ன காட்டுகிறதோ அதை நடைத்தாள் என்ற படிவத்தில் எழுத வேண்டும். உட்காரத் தோன்றிய இடத்தில் பெஞ்சு இல்லையென்றால், மஞ்சள் பெயிண்ட் பூசிய ஒரு முளைக்குச்சியை அங்கே அடித்துவிட்டு, நடைத்தாளில் குறித்துக்கொண்டு வர வேண்டும். நான் அதைப் பட்டியலாக அடித்துத் தச்சுப் பிரிவுக்கு அனுப்புவேன். அவர்கள் என்றைக்காவது மனசு வந்தால் போய், குச்சியைப் பிடுங்கிவிட்டுப் பெஞ்சு போடுவார்கள். பட்டியலில் இல்லாத குச்சியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அண்ணன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நாய்க்கடி இரண்டு முறை, மனிதர்களின் வாய்க்கடி தினமும் என்பார். முப்பத்தொரு வயதில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, முதல் நாள் காட்டுப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் தனியாக நடந்துவிட்டுத் திரும்பியபோது, இதற்கும் சம்பளம் தருகிறார்களா என்று பக்கத்து மேசைக்காரரிடம் ரகசியமாக விசாரித்தாராம். கல்யாணம், ஒரு மகள், வாடகை வீடு என்று மற்றதெல்லாம் மற்றவர்களுக்கு நடந்தபடியே அவருக்கும் நடந்தன. மகள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். போனில் அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். காலுக்கென்ன, எண்ணிப் பார்த்தேன், ரெண்டும் இருக்கிறது என்பார்.

அண்ணி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். நாள் முழுவதும் நின்றபடியே விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் வேலை. அவர்கள் வீட்டில் ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசின் உண்டு. சாயங்காலம் யார் முதலில் வருகிறார்களோ அவர் வெந்நீர் போட வேண்டும். பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நான்கு கால்களையும் அதில் வைத்துக்கொள்வார்கள். யார் கால் அதிக இடம் பிடிக்கிறது என்று சண்டை நடக்கும். நான் ஒரு முறை போயிருந்தபோதும் அந்தச் சண்டையை நிறுத்தவில்லை, எனக்கும் ஒரு நாற்காலி போடட்டுமா என்றுதான் கேட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கோட்டைக்குப் பின்னால் இருக்கும் கல்பாலத்தில் பாசி வழுக்கி அண்ணன் விழுந்தார். இடது முழங்கால் போயிற்று. மருத்துவர் நடப்பதைக் குறைக்கச் சொன்னார். அதைச் சொல்வதற்கு மூன்று மாடி ஏற வைத்தாரே என்று அண்ணன் அலுவலகம் வந்து திட்டித் தீர்த்தார். சிரித்தோம். ஆனால் அந்த வருடத்திலிருந்து அவருடைய தாள்கள் மாறத் தொடங்கின. ஏரிச் சுற்று நாலேகால் கிலோமீட்டர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம் என்றே இருந்தது. விழுந்த பிறகு வந்த தாளில் ஒரு மணி நாற்பது என்று இருந்தது. எங்கேயோ படுத்துத் தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் ஒரு மணி ஐம்பத்தைந்து. அதற்கடுத்த வருடம் இரண்டு மணி பத்து. ஏரி பெரிதாகவில்லை. அவர் என் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு எழுந்திருப்பதை நான் கவனிக்க ஆரம்பித்திருந்தேன். எழுந்த பிறகு உடனே நடக்க மாட்டார். ஏதோ யோசிக்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார். சாயங்காலம் முகம் சாம்பல் பூத்துப் போயிருக்கும். பிஸ்கட்டை நானே எடுத்து வெளியே வைத்தாலும் தொட மாட்டார்.

அண்ணன் விழுந்த அதே வருடம்தான் புது அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எல்லோரையும் நீங்க என்றுதான் பேசுவார், மேசையில் தூசி இருந்தால் தானே துடைத்துக்கொள்வார். ஆனால் எதையும் போன வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. நேரமோ தூரமோ மாறினால் காரணம் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். நடக்க முடியாதவர்களைப் பாதையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, கோட்டை டிக்கெட் ஜன்னலுக்கு ஆள் வேண்டுமே என்று ஒரு கூட்டத்தில் பொதுவாகச் சொன்னார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. நான் அண்ணன் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

டிக்கெட் ஜன்னலை நான் பார்த்திருக்கிறேன். கோட்டைச் சுவருக்குள் குடைந்த ஒரு பொந்து. காற்று வராது. கையும் தலையும் மட்டும் வெளியே தெரியும். அண்ணனுக்கு அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே பிடிக்காது. ஒரு நாள் அவராகவே சொன்னார்: “கால் வலிக்குதுதான் தங்கச்சி. இல்லைங்கல. ஆனா என்னால நடக்க முடியலன்னு நான்தான் சொல்லணும். வேற யாரும் சொல்லக் கூடாது.” ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான். அதுவரை பாதையில் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் தாளில் என்ன எழுதியிருந்தாலும், கையேட்டில் ஏரிச் சுற்றுக்கு ஒரு மணி பத்து நிமிடம் என்றே விட்டுவிட்டேன். மூன்று வருடமும் அப்படித்தான். அந்த மூன்று வருடத்தில் அவர் ஐந்து இடங்களில் மஞ்சள் குச்சி அடித்திருந்தார். எளிதான ஒரு நடைக்குத் திடீரென்று ஐந்து பெஞ்சு எதற்கு என்று அதிகாரி கேட்பாரே என்று, குச்சிகளையும் பட்டியலில் சேர்க்கவில்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நினைப்பு. கொஞ்சம் சோம்பலும் இருந்தது, அதையும் மறைப்பானேன். பழைய பக்கத்தை அப்படியே விடுவதற்கு ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

கையேடு அச்சாகி வந்தால் அண்ணன் அதைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நான் நடந்ததை நானே எதுக்குப் படிக்கணும் என்பார். அதனால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம் எனக்கு இல்லை. ஒரே ஒரு முறை குச்சிகளைப் பற்றிக் கேட்டார், இரண்டு வருடமாக அப்படியே நிற்கிறதே என்று. பெஞ்சு செய்ய மரம் வரவில்லையாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “காட்டுக்குள்ள பெஞ்சு போட மரம் வரலையா? நல்ல ஆபீஸ் தங்கச்சி இது” என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வயதான தையல்காரர். கடையை மூடி ஓய்வாக இருப்பவர். எழுத்து தையல் போட்டது போல வரிசையாக இருந்தது. அவரும் அவர் மனைவியும் கையேட்டைப் பார்த்து ஏரிச் சுற்றுக்குப் போயிருக்கிறார்கள். கடைசிப் பேருந்து நான்கு மணிக்கு. கையேட்டில் ஒரு மணி பத்து நிமிடம் என்று இருக்கிறது, நமக்கு வயதாகிவிட்டது, அதனால் இருபது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்வோம் என்று பேசிக்கொண்டு இரண்டேகாலுக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றே முக்காலுக்குக் காட்டின் பாதியில்தான் இருந்திருக்கிறார்கள். பேருந்தை விட்டுவிடுவோமே என்று, கண்காணிப்புக் கோபுரத்துக்குக் கீழே இருக்கும் சரிவில் அந்த அம்மா வேகமாக இறங்கி, விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மழை வேறு. ஆறு மணிக்குக் கதவைப் பூட்ட வந்த காவலாளி சத்தம் கேட்டுப் போய்ப் பார்க்கும் வரை இரண்டு பேரும் நனைந்துகொண்டே கிடந்திருக்கிறார்கள். தையல்காரர் யாரையும் திட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. இந்த நேரத்தை நடந்து பார்த்தவர் யார்?

கடிதத்தை முதலில் பிரித்தது நான். தபால் பிரிப்பதும் என் வேலைதான். இரண்டு முறை படித்தேன். அதை அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். ஏரிச் சுற்றின் நடைத்தாள்களை எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

தாள்கள் என் கையில் இருந்தன. இரண்டு மணி பத்து என்று அண்ணன் கையெழுத்தில், கீழே ஐந்து குச்சிகளுக்கும் இடம் குறித்து. அதைக் கொடுத்தால் நான் செய்தது தெரிந்துவிடும். அண்ணனால் நடக்க முடியவில்லை என்பதும் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் பழி முழுக்க அவர் தலையில் விழும். வராந்தாவில் பதினோரு எட்டு வைத்தால் அதிகாரியின் அறை. அந்தப் பதினோரு எட்டிலும் நான் ஒரு முடிவுக்கும் வரவில்லை.

அறைக்குள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாதே. அதிகாரி என் பக்கம் கையை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசினார்.

“தாள் இருக்காது சார். மழையில நனைஞ்சு போச்சு. வாயாலதான் சொன்னேன். பழைய நேரத்தையே சொல்லிட்டேன்.”

“நடக்காமலே சொன்னீங்களா?”

“அப்படித்தான் வெச்சுக்குங்க.”

அதிகாரி என்னைப் பார்த்து, அப்படியா என்றார். தாள்கள் என் கையிலிருந்த கோப்புக்குள்தான் இருந்தன. என் தலை ஆடியது. நான் ஆட்டவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நான்தான் ஆட்டினேன். இருபத்தேழு வருடத்தில் ஒரு மீட்டரைக்கூட நடக்காமல் எழுதாத மனிதர், நடக்காமல் எழுதினேன் என்று நின்றுகொண்டிருந்தார். நான் கோப்பை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து டிக்கெட் ஜன்னல் என்று அதிகாரி மெதுவாகத்தான் சொன்னார். சக்கரத்தைச் சாமான் அறையில் ஒப்படைக்கச் சொன்னார். அண்ணன் வராந்தாவில் அதைத் தள்ளிக்கொண்டு போன சத்தத்தை என் மேசையிலிருந்து எண்ணினேன். பத்தொன்பது டக்.

அன்று சாயங்காலம் தாள்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் பேசினில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சண்டை இல்லை. நான் தாள்களை அவர் மடியில் வைத்து, ஏன் அண்ணே அப்படிச் சொன்னீர்கள், கையேட்டில் நேரத்தை மாற்றியது நான்தான் என்றேன்.

“தெரியும்” என்றார்.

“நீங்கதான் கையேட்டைப் பார்க்கவே மாட்டீங்களே.”

“முதல் வருஷமே பார்த்தேன். எவ்வளவு போட்டிருக்குன்னு பார்க்கத்தான் எடுத்தேன். ஒரு மணி பத்துன்னு இருந்துச்சு. உன்கிட்ட வந்து கேட்டிருக்கணும். கேக்கல.” பேசினில் இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டு பேசினார். “சந்தோஷமா இருந்துச்சு தங்கச்சி. அச்சுல அப்படி இருக்கவும், நாம இன்னும் அப்படியேதான் இருக்கோம்னு ஒரு நெனப்பு. அதான் விட்டுட்டேன். உன் மேல என்ன தப்பு?”

என் மேல்தான் தப்பு என்று நானும், இல்லை என் மேல்தான் என்று அவரும், ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டே போனோம். அண்ணி பேசினிலிருந்து காலை எடுத்தார். தரையெல்லாம் தண்ணீர்.

“அந்தம்மா பெண்கள் வார்டுல ஜன்னலோரக் கட்டில்ல இருக்காங்க. பத்து நாளா அவங்க விரிப்பை நான்தான் துவைக்கிறேன். எழுந்திருக்க முடியாதவங்க விரிப்பு எப்படி இருக்கும்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா? இங்க உக்காந்து தப்பைப் பங்கு போடறீங்க. ஒருத்தராவது போய் எட்டிப் பார்த்தீங்களா?”

அண்ணி துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனார். நான் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைசி வருடத்துத் தாளை எடுத்துக்கொண்டு ஏரிச் சுற்றுக்குப் போனேன். தனியாகத்தான். அண்ணனைக் கூப்பிட மனசு வரவில்லை. பேருந்திலிருந்து இறங்கும்போது மணி இரண்டேகால்.

முதல் ஒரு கிலோமீட்டர் ஏரிக்கரை. பாதை தட்டையாக இருந்தது. நாணலுக்குள் ஏதோ பறவை தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக ‘நாணல் புதர்களை ஒட்டி இடப்புறம் செல்லவும்’ என்று அடித்துக்கொண்டிருந்தவளுக்கு நாணல் என் உயரத்துக்கு இருக்கும் என்று தெரியாது. காடு தொடங்கும் இடத்தில் முதல் பெஞ்சு. உட்கார மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். காட்டுக்குள் பாதை ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை, தொடைக்குத் தெரிந்தது. இலைகள் ஈரமாகி வழுக்கின. செருப்பு சரியில்லை. கால் மணி நேரத்தில் முதுகு நனைந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு அடி முடியாது, எங்கேயாவது உட்கார்ந்தால் தேவலை என்று நினைத்தபோது, பாதையோரம் மஞ்சளாக ஒரு குச்சி தெரிந்தது.

குச்சி மட்டும்தான். குச்சியில் உட்கார முடியாது. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன். அடுத்த முறை முடியவில்லை என்று நின்றபோது, நாலடி தள்ளி இன்னொரு குச்சி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் இதே இடத்தில் நின்றிருக்கிறார், இதே மாதிரி மூச்சு வாங்கியிருக்கிறார், பின்னால் வருகிறவர்கள் உட்காரட்டும் என்று குனிந்து ஒரு குச்சியை அடித்திருக்கிறார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படிக் குனிந்தாரோ. நான் என் நாற்காலியில் சாய்ந்தபடி அதை இல்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

கண்காணிப்புக் கோபுரம் என்பது பாதி உடைந்த ஒரு கல் உருளை, உச்சியில் புல் முளைத்திருந்தது. அதற்குக் கீழே பாதை சரிந்து இறங்கியது. சரிவு தொடங்குகிற இடத்தில் நான்காவது குச்சி. தாளில் அண்ணன் எழுதியிருந்தார்: ‘கோபுரம் தாண்டி, இறக்கத்துக்கு முன்னால். இங்கே கட்டாயம் வேண்டும்.’ அவர் கட்டாயம் என்று எழுதியது அந்த ஒரு இடத்துக்குத்தான். குச்சி நேராக நிற்கவில்லை. யாரோ பிடித்து இழுத்தது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் மண் பெயர்ந்திருந்தது. நான் அதன் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சுற்று முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. நாற்பத்தொன்பது வயதில், இரண்டு நல்ல முழங்கால்களோடு, அண்ணனைவிடக் கால் மணி நேரம் கூடுதல். கடைசிப் பேருந்து போயிருந்தது. பெரிய சாலை வரை நடந்துதான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

திங்கட்கிழமை காலை தாள்களை அதிகாரியின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். அண்ணன் நடந்துதான் எழுதினார் என்பது தெளிவாகிவிட்டது. அண்ணனால் முன்னைப் போல நடக்க முடியவில்லை என்பதும் அதே தாள்களிலிருந்து தெளிவாகிவிட்டது. டிக்கெட் ஜன்னல் டிக்கெட் ஜன்னலாகவே இருந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோடு வேறு ஆள் வரும் வரை பன்னிரண்டு நடைகளையும் நானே நடக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு. கையேட்டைத் திரும்ப அச்சடிக்க வேண்டும். நேரம் எவ்வளவு போட என்று கேட்டேன். தாளில் இருக்கிறதைப் போடுங்கள் என்றார். ஐந்து குச்சிகளையும் பட்டியலில் ஏற்றித் தச்சுப் பிரிவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள்.

சாயங்காலம் கோட்டைக்குப் போனேன். பொந்துக்குள் அண்ணனின் தலையும் கையும் தெரிந்தன. அதிகாரியிடம் சொல்லிவிட்டேன் என்றதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படக்கூடத் தெம்பு இல்லாதவர் போல இருந்தார். ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, போலாமா என்று மட்டும் கேட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பெண்கள் வார்டு முதல் மாடியில். அண்ணன் படிக்குப் படி நின்று ஏறினார். ஜன்னலோரக் கட்டிலில் அந்த அம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். சின்ன உருவம், நரைத்த முடியை இறுக்கிப் பின்னியிருந்தார். தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பழத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று நான் சொன்னேன். நேரத்தை மாற்றியது நான் என்றும், நடந்து பார்த்தது இவர் என்றும், இவர் சரியாகத்தான் எழுதியிருந்தார் என்றும் சொன்னேன். தையல்காரர் கத்தியைக் கீழே வைத்தார். எதற்கு வந்தோம் என்று எனக்கு ஆகிவிட்டது. அண்ணன் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாதான் பேசினார். என்னைப் பார்த்து இல்லை, அண்ணனைப் பார்த்து.

“விழுந்த இடத்துக்கு மேல ஒரு மஞ்சக் குச்சி இருந்துச்சு. இவர்தான் என்னை அதுவரைக்கும் இழுத்துட்டு வந்தார். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். அது எதுக்குங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், அங்கே ஒரு பெஞ்சு வந்திருக்க வேண்டும் அம்மா, இவர் கேட்டிருந்தார், நான்தான் எழுதவில்லை என்று.

அந்த அம்மா தலையை மெதுவாக அண்ணன் பக்கம் திருப்பினார்.

“அந்த எடத்துலதான் எனக்கும் உக்காரணும்னு இருந்துச்சு. உக்கார ஒண்ணும் இல்லையேன்னு நடந்தேன்.”

தையல்காரர் எழுந்து தன் நாற்காலியை அண்ணன் பக்கம் நகர்த்தினார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டில் கம்பியில் ஒரு கையும் என் தோளில் ஒரு கையும் ஊன்றி, மெல்ல உட்கார்ந்தார்.